போனஸ் காசும் மூன்று பூஸ்டர் பாக்ஸும்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் செந்தூலில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் நண்பர்கள் ஆறு பேர் கூடிப் போக்கிமான் கார்டு ஆடுவோம். இப்போது ஒன் பீஸ் கார்டு ஆட்டமும் தொடங்கியிருக்கிறோம். போனஸில் 1,500 ரிங்கிட் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பிரிக்காத கார்டு பாக்கெட்டுகள் அடங்கிய பூஸ்டர் பாக்ஸ் மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, கடையில் 720 ரிங்கிட் சொல்லும் ஆங்கிலப் போக்கிமான் செட்டான சர்ஜிங் ஸ்பார்க்ஸ். அடுத்தது, டெலிகிராமில் ஒருவர் 380க்குத் தருவதாகச் சொல்லும் ஜப்பானியப் போக்கிமான் செட்டான டெராஸ்டல் ஃபெஸ்டிவல். அதற்கு ஷ்ரிங்க், அதாவது பாக்ஸைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, இல்லை. ஜப்பானில் கடையிலேயே கிழித்துத்தான் கொடுப்பார்கள் என்கிறார். மூன்றாவது, 520க்கு ஒன் பீஸ் ஆங்கில பாக்ஸ். ஒன்றைப் பிரித்து நல்ல கார்டுகளை விற்று முதலை எடுத்துவிட்டு, இன்னொன்றை மூடியபடியே இரண்டு வருடம் வைத்திருந்தால் லாபம் என்கிறான் நண்பன். எதை வாங்கலாம்?
– செந்தூல் வாசகர்

பதில்:

தம்பி, அந்த டெலிகிராம் பாக்ஸை விட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மற்ற இரண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உங்கள் நண்பர் சொன்ன திட்டத்தின் முதல் பாதியைக் காசுக் கணக்கில் வைத்துப் பார்த்துவிடலாம். பிரித்து விற்று முதலை எடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் நிறைய பேருடைய போனஸ் கரைந்து போகிறது.

ஆங்கிலப் போக்கிமான் பாக்ஸில் 36 பாக்கெட், ஒரு பாக்கெட்டில் 10 கார்டு. 720 ரிங்கிட் என்றால் பாக்கெட் ஒன்று 20 ரிங்கிட். 2023இல் ஸ்கார்லெட் அண்ட் வயலெட் வரிசை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் குறைந்தது மூன்று மின்னும் கார்டுகள் வருகின்றன. மின்னினால் விலை உண்டு என்று புதிதாக வாங்குபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சில சென்னுக்குக்கூட விலைபோகாதவை. காசு பெரும்பாலும் நான்கு அபூர்வ வகைகளில்தான் இருக்கிறது: டபுள் ரேர், அல்ட்ரா ரேர், இல்லஸ்ட்ரேஷன் ரேர், ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் ரேர். பாக்ஸின் மதிப்பை எடைபோட இந்த நான்கையும் எண்ணினால் போதும்.

ஒரு வகையில் உள்ள எல்லாக் கார்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுங்கள். அந்த வகை எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று வருகிறது என்று பாருங்கள். 36ஐ அந்த எண்ணால் வகுத்து, வந்ததைச் சராசரி விலையால் பெருக்குங்கள். இந்த விகிதத்தை, அதாவது புல் ரேட்டை, போக்கிமான் நிறுவனம் வெளியிடுவதில்லை. புழக்கத்தில் இருப்பதெல்லாம் பெரிய கடைகள் ஆயிரக்கணக்கில் பாக்கெட் பிரித்து எண்ணிச் சொன்ன கணக்கு. நூறு பாக்கெட் பிரித்துவிட்டு வீடியோவில் சொல்லப்படும் விகிதத்தை நம்ப வேண்டாம். விலையிலும் ஒரு கவனம் வேண்டும். விற்பவர் கேட்கும் விலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் விற்றுப்போன விலையைத் தேடுங்கள். கேரோசெல் விற்பனைத் தளத்தில் 300 என்று போட்டு மூன்று மாதமாகக் கிடக்கும் கார்டுக்கு 300 மதிப்பு கிடையாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு செட்டை வைத்துக்கொள்வோம். எண்கள் நானே போட்டவை. உங்கள் செட்டுக்கு உரியதை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். எட்டு ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் ரேர் இருக்கின்றன. ஒன்று 900 ரிங்கிட், மற்ற ஏழும் நூறு நூறு. மொத்தம் 1,600, சராசரி 200. எண்பது பாக்கெட்டுக்கு ஒன்று வந்தால் ஒரு பாக்ஸுக்கு 0.45, அதாவது 90 ரிங்கிட். இல்லஸ்ட்ரேஷன் ரேர் பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்று வரும், சராசரி 20 என்றால் 60 ரிங்கிட். அல்ட்ரா ரேர் பதினெட்டுக்கு ஒன்று; இரண்டு வரும்; 12 வீதம் 24. டபுள் ரேர் ஆறுக்கு ஒன்று, ஆறு வரும், 4 வீதம் இன்னொரு 24. எல்லாம் சேர்த்து 198 ரிங்கிட். நீங்கள் கொடுப்பது 720. இந்த 198உம் அப்படியே கைக்கு வராது. விற்பனைத் தளத்தின் கட்டணம், தபால், சீக்கிரம் விற்க வேண்டிக் குறைக்கும் விலை எல்லாம் போய் 150 மிஞ்சினால் நல்ல விற்பனை.

இதற்குள்ளேயே இன்னொரு குழி இருக்கிறது. அந்த 198இல் ஏறக்குறைய 51 ரிங்கிட் ஒரே கார்டின் பங்கு. அது பதினெட்டு பாக்ஸுக்கு ஒரு முறை வருவது. பதினெட்டு பாக்ஸின் விலை 12,960 ரிங்கிட். கார்டின் விலை 900. இதே விகிதத்தில் நூறு பேர் ஆளுக்கு ஒரு பாக்ஸ் பிரித்தால், ஏறக்குறைய 64 பேருக்கு ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் ரேர் ஒன்றுகூட வராது. ஆகவே கணக்குப் போடும்போது விலை கூடிய கார்டை எடுத்துவிட்டு இரண்டாம் முறையும் போட்டுப் பாருங்கள். இரண்டு தொகைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தச் செட் ஒரே கார்டின் தோளில் நிற்கிறது என்று பொருள். சர்ஜிங் ஸ்பார்க்ஸ் அந்த ரகம்தான். எல்லாரும் தேடுவது பிக்காச்சு எக்ஸ் 238/191 ஒன்றை. உங்களுக்கும் அதுதான் வேண்டுமென்றால் அந்தக் கார்டைத் தனியாக வாங்குங்கள்.

ஆட்டத்துக்கு என்றாலும் இதே முடிவுதான். போக்கிமானில் டெக், அதாவது ஆடும் கார்டுக் கட்டு, 60 கார்டு. அடிப்படை எனர்ஜி கார்டு தவிர ஒரே பெயரில் நான்கு வரை வைக்கலாம். ஒன் பீஸில் தலைவர் கார்டான லீடர் ஒன்று, டெக் 50, அதோடு ஆட்டத்தில் செலவழிக்கும் டோன் கார்டு 10; அங்கேயும் ஒரே கார்டு நான்கு வரை. உங்கள் டெக் கேட்பது குறிப்பிட்ட ஒரு கார்டின் மூன்று நான்கு பிரதி. பாக்ஸ் தருவதோ பலவற்றில் ஒவ்வொன்று. புதுச் செட் வெளிவந்த வாரத்தில் கார்டு விலை உச்சத்தில் இருக்கும். எல்லாரும் பாக்ஸ் பிரித்துக் கார்டைச் சந்தையில் கொட்டக் கொட்ட, அடுத்த மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலானவை இறங்கும். சிங்கிள் கார்டு, அதாவது தனிக் கார்டு, வாங்குகிறவர் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். பாக்ஸ் பிரித்து விற்கிறவர் முதல் சில நாளிலேயே விற்று முடிக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறவர். அந்த ஓட்டத்தில் கடைக்காரர்களை முந்த முடியாது.

இப்போது டெலிகிராம் பாக்ஸ். ஜப்பானில் பல கடைகள் மறுவிற்பனையைத் தடுக்க விற்கும்போதே ஷ்ரிங்கைக் கிழித்துவிடுவது உண்மைதான். அவர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஆனால் ஷ்ரிங்க் போன பிறகு அந்த பாக்ஸ் யார் யார் கைக்குப் போய் வந்தது என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. டெராஸ்டல் ஃபெஸ்டிவல் ஹை கிளாஸ் வகை: 10 பாக்கெட், பாக்கெட்டுக்கு 10 கார்டு. ஜப்பானில் பட்டியல் விலை பாக்கெட் 550 யென், பாக்ஸ் 5,500 யென். மூடியைத் திறந்து இரண்டு பாக்கெட்டை மாற்றி வைத்தாலும் வெளியே எதுவும் தெரியாது. மூடி வைத்து இரண்டு வருடம் கழித்து விற்கப் போனால், இன்று உங்களுக்கு வரும் இதே சந்தேகம் அன்று வாங்குபவருக்கும் வரும். விலையை அடித்துக் கேட்பார்.

ஜப்பானிய பாக்கெட்டை உதிரியாக வாங்குவதிலும் இதே மாதிரி ஒரு ஆபத்து உண்டு. சாதாரண ஜப்பானியச் செட்டில் 30 பாக்கெட், பாக்கெட்டுக்கு 5 கார்டு. பாக்ஸுக்கு ஒரு எஸ்ஆர் (சூப்பர் ரேர் என்ற அபூர்வ வகை) அல்லது அதற்கு மேற்பட்ட கார்டு பெரும்பாலும் நிச்சயமாக வரும். ஆங்கில பாக்ஸில் அப்படி எந்த உறுதியும் கிடையாது. அந்த உறுதிதான் உதிரி வாங்குபவருக்கு எமன். விற்பவர் எஸ்ஆர் வரும்வரை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். பன்னிரண்டாவது பாக்கெட்டில் வந்துவிட்டால் மீதிப் பதினெட்டை உதிரியாகப் போட்டுவிடுகிறார். பாக்கெட் எல்லாம் அசல்தான், சீலும் அசல்தான். உள்ளேதான் பெரிதாக எதுவும் இருக்காது. ஜப்பானிய உதிரி பாக்கெட் வாங்குவதென்றால் முழு பாக்ஸை உங்கள் கண்முன் திறந்து எடுத்துத் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஒன் பீஸில் இதே வித்தை கேஸ் அளவில் நடக்கும். ஆங்கில பாக்ஸில் 24 பாக்கெட், பாக்கெட்டுக்கு 12 கார்டு. 12 பாக்ஸ் சேர்ந்தது ஒரு கேஸ். மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) படம் போட்ட கார்டு போன்ற விலை கூடிய பெரிய ஹிட், கேஸ் முழுதையும் பிரித்தாலும் வரும் என்ற உறுதி இல்லாத அளவுக்கு அபூர்வம். கேஸைப் பிரித்துப் போகிற ஒருவருக்கு நான்காவது பாக்ஸில் அது வந்துவிட்டால், மீதி எட்டையும் பிரிக்காமல் விற்றுவிடுவதுதான் அவருக்கு லாபம். இதில் மோசடி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூடி வைப்பதற்காக வாங்குகிற நீங்கள், கேஸை உங்கள் முன்னால் திறந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். புதுச் சரக்கு இறங்கும் நாளில் போனால் பெரும்பாலான கடைகள் மறுக்காது.

மூடி வைப்பது பற்றி. 2021இல் வந்த இரண்டு ஆங்கிலப் போக்கிமான் செட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பேட்டில் ஸ்டைல்ஸ், ஆகஸ்டில் எவால்விங் ஸ்கைஸ். இரண்டாவதில் அம்ப்ரியான், ரேகுவேசா, சில்வியான், கிளேசியான் என்று மக்கள் விரும்பும் படங்கள் பல கார்டுகளில் பரவிக் கிடந்தன. பாக்ஸ் விலை பல மடங்கு ஏறியது. முதலாவதற்கு அந்த அளவு தேட்டம் வரவே இல்லை. வயது ஏறினால் விலை ஏறும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு செட்டில் குறைந்தது ஐந்தாறு கார்டுகளையாவது ஆட்டமே தெரியாதவர்களும் விரும்பி வாங்குகிறார்களா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

அடுத்தது மறு அச்சு. போக்கிமான் நிறுவனம் 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் மட்டும் 1,190 கோடி கார்டு அச்சிட்டது. அடுத்த ஆண்டில் 1,020 கோடி. 2025 ஜனவரியில் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் வந்தபோது கடைகளில் கிடைக்காமல் இரட்டை விலைக்குப் போனது. அந்த ஆண்டு முழுக்க மறு அச்சு வந்துகொண்டே இருந்தது.  ஒன் பீஸின் முதல் செட்டான ரொமான்ஸ் டான் ஆங்கிலத்தில் 2022 டிசம்பரில் வந்தபோதும் தட்டுப்பாடு வந்தது, பின்னால் மறு அச்சும் வந்தது. ஆகவே அச்சில் இருக்கும் செட்டைப் பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து மூடி வைக்காதீர்கள். ஸ்கார்லெட் அண்ட் வயலெட் காலத்து ஆங்கில பாக்கெட்டின் அமெரிக்கப் பட்டியல் விலை 4.49 டாலர், 36க்கு 161.64. அன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கினால் கடைக்காரர் எவ்வளவு ஏற்றிச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். சர்ஜிங் ஸ்பார்க்ஸ் 2024 நவம்பரில் வந்தது. அதன் கார்டுகளில் இருக்கும் முறைமை எழுத்து, அதாவது எந்தக் கார்டு போட்டியில் செல்லும் என்று காட்டும் எழுத்து, எச். 2025 ஏப்ரலில் அண்மைச் செட்டுகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்ட் ஆட்டத்திலிருந்து வெளியேறியது எஃப் எழுத்துதான். எச் செல்லுபடியாகும் வரை மறு அச்சுக்கு வாய்ப்பு இருக்கிறது. நண்பர் சொல்லும் இரண்டு வருடத்தை வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. அச்சு நின்ற நாளிலிருந்து எண்ண வேண்டும்.

லாபம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். 720க்கு வாங்கிய பாக்ஸை விற்கும்போது தளக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, பேக்கிங்கும் தபாலும் 15 ரிங்கிட் என்று வையுங்கள். போட்ட காசு திரும்ப வரவே 817 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு லாபம் பார்த்தேன் என்று சொல்ல இரண்டாவது ஆண்டு முடிவில் 985 ரிங்கிட் கிடைக்க வேண்டும்.

உங்கள் 1,500ஐ நான் இப்படிப் பிரிப்பேன். சர்ஜிங் ஸ்பார்க்ஸ் பாக்ஸை ஆறு பேரும் சேர்ந்து வாங்குங்கள். ஆளுக்கு 120 ரிங்கிட், ஆளுக்கு 6 பாக்கெட். பாக்கெட்டைக் கலந்து சீட்டுப் போட்டு எடுங்கள். பிரித்தவருக்கே கார்டு என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். பெரிய கார்டு வந்த பிறகு பேசினால் நட்பு கெடும். பிரிக்கும் சந்தோஷம் முழுதாகக் கிடைக்கும், செலவு ஆறில் ஒரு பங்கு. ஆட்டமாகவும் ஆட வேண்டுமென்றால் ஆறு பேரும் ஆளுக்கொரு பில்ட் அண்ட் பேட்டில் பாக்ஸ் வாங்கலாம். அதில் தயாராக ஒரு 40 கார்டு டெக்கும் 4 பாக்கெட்டும் இருக்கும். அன்று மாலையே போட்டி வைத்துவிடலாம். டெக்குக்கான சிங்கிள் கார்டுகளுக்கு 500 வையுங்கள். ஒன் பீஸ் பாக்ஸைக் கேஸிலிருந்து எடுத்து ரசீதோடு அதே 520க்குத் தருகிறார்கள் என்றால், அதன் கார்டுகளில் விருப்பம் பல பெயர்களில் பரவியிருந்தால், ஒன்று வாங்கி மூடி வையுங்கள். இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். மிஞ்சும் 360ஐ அடுத்த செட் வந்த நான்காவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பாக்ஸைக் கையில் எடுத்ததும் ஆறு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இப்போதைய ஆங்கிலப் போக்கிமான் பாக்ஸின் பிளாஸ்டிக் உறையில் வெள்ளை நிறப் போக்கே பால் (போக்கிமான் பந்து) சின்னங்கள் அச்சாகியிருக்கும். சின்னமே இல்லாத வெற்று உறை என்றால் மறுசீல், அதாவது பிரித்துவிட்டு மீண்டும் உறை போட்டது, என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உறை தொய்ந்திருப்பது, மடிப்பில் பசைத் தடம், மூலையில் உருகிய கட்டி, உறைக்குக் கீழே அட்டை மடங்கிய கோடு எல்லாம் கெட்ட அறிகுறி. ஓரத்தில் சிறு கிழிசல் மட்டும் இருந்தால் சரக்கு அசலாக இருக்கலாம். பிரிக்க வாங்குவதற்குப் பரவாயில்லை, மூடி வைக்க வேண்டாம். நூறு ரிங்கிட்டுக்கு முழு பாக்ஸ் என்று இணையத்தில் வருவதெல்லாம் போலி அச்சு. அசல் போக்கிமான் கார்டின் விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் மெல்லிய கருப்பு அடுக்கு தெரியும். போலியில் பெரும்பாலும் அது இருக்காது, வெளிச்சமும் ஊடுருவும்.

முன்பதிவு செய்தால் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விநியோகஸ்தர் கடைக்கு ஒதுக்கும் பாக்ஸ் குறைந்தால் முன்பணம் முழுதும் திரும்புமா? வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. மலிவு என்று தோன்றும் விலையில் அதையும் கூட்டிப் பாருங்கள். ஜப்பானிய மொழிக் கார்டு உங்கள் பக்கத்துக் கடைப் போட்டியில் செல்லுமா என்று வாங்கும் முன்னமே கேட்டுவிடுங்கள்.

மூடி வைக்கும் பாக்ஸுக்கு நம் ஊரின் ஈரம்தான் எதிரி. கோலாலம்பூரில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அட்டைத் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே ஒட்டிய உலோகப் பூச்சு விரியாது; அதனால் மின்னும் கார்டு வளைகிறது. பிரிக்காத பாக்கெட்டுக்குள்ளும் இது நடக்கும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிகா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வையுங்கள். 40க்குக் கீழே இறங்கினால் எதிர்ப்பக்கம் வளையும். வெயில் படும் வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். காரின் பின்பெட்டியில் ஒரு மதியம் கிடந்தால் போதும், உறை இறுகிக் கிழிந்துவிடலாம்.

கடைசியாக, காசு கொடுக்கும் முறை. இணையத்தில் வாங்கினால் பொருள் கைக்கு வரும்வரை காசைப் பிடித்து வைக்கும் தளத்தின் வழியாகவே கட்டுங்கள். நேரடியாக வங்கிக்கு மாற்றச் சொன்னால் அந்தக் கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்கா என்று சரிபார்க்கும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பார்சலைப் பிரிக்கும்போது தபால் ஒட்டு முதல் கடைசி பாக்கெட் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கடையாக நடத்துபவர் ஏமாற்றினால் ரசீதோடும் அந்த வீடியோவோடும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்; கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். தொழிலாகச் செய்யாத தனி ஆள் விற்றதென்றால் அந்த வழி இல்லை. காசை மாற்றிய பிறகு ஆள் காணாமல் போனால் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கு அழையுங்கள்.